நீட்டு சுரைக்கு மண்ணு எப்படி ரெடி பண்றது? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலானது சுரைக்காய் மண்ணு பத்திதான், அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். புடலை, பீர்க்கு போடுறவங்களுக்கும் இதுல முக்காவாசி அப்படியே பொருந்தும்.

கேள்வி: சார், நீட்டு சுரை ரகம்னு கேட்டு வாங்கி போட்டேன். ஒன்றரை அடிக்கு குழி எடுத்து, அது முழுக்க சாணி உரத்தை கொட்டி விதை ஊன்றினேன். முதல் மாசம் கொடி சூப்பரா வந்துச்சு, அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. வந்த காய் எதுவும் ஒரு முழத்தை தாண்டல, ரெண்டு காய் நடுவுல இறுகி வளைஞ்சு போச்சு. எங்களுது களிமண்ணு. இந்த தடவை குழியை ரெண்டரை அடி ஆழமாக்கி இன்னும் உரம் போடட்டுமா?

பதில்: வேண்டாங்க, ஆழமாக்காதீங்க, உங்களுக்கு வேண்டியது அகலம். சுரைக்கு ஒரு ஆணிவேர் கீழ இறங்கும்தான், ஆனா தண்ணியும் சத்தும் உறிஞ்சுற சின்ன வேர் எல்லாம் மேல இருக்கிற ஒரு அடி மண்ணுக்குள்ளதான் பக்கவாட்டுல ஓடும், மேல கொடி எவ்வளவு தூரம் போகுதோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கு கீழ வேரும் போக பாக்கும். முதல் மாசம் அந்த சின்ன வேருக்கு உங்க குழி போதுமா இருந்திருக்கு, அதான் கொடி நல்லா வந்துச்சு. அப்புறம் வேர் குழி சுவத்துல போய் முட்டியிருக்கும். களிமண்ணை ஈரமா இருக்கும்போது மண்வெட்டியால வெட்டினா வெட்டின பக்கம் பளபளன்னு வழவழப்பா ஆயிடும், விரலால தடவி பாத்தாலே தெரியும், அது காஞ்சு இறுகினா சின்ன வேர் உள்ள நுழையவே முடியாது. அப்போ அந்த குழி தோட்டத்துல புதைச்சு வெச்ச தொட்டி மாதிரிதான், வேர் அதுக்குள்ளயே சுத்திக்கிட்டு கிடக்கும், மழை பெஞ்சா சுத்தி இருக்கிற தண்ணியும் அந்த பொலபொல இடத்துக்குள்ளதான் இறங்கி தேங்கும். இதே குழியை இன்னும் ஆழமாக்கினா தண்ணி இன்னும் நிறைய தேங்கும், அவ்வளவுதான்.

சுரைக்காயில நூத்துக்கு 95 பங்கு தண்ணிங்க. காய் வேகமா நீளுற நாட்கள்ல வேருக்கு ஒரே சீரா ஈரம் கிடைச்சுட்டே இருக்கணும், ரெண்டு நாள் காஞ்சு மூணாவது நாள் வெள்ளமா ஊத்தினா காய் நடுவுல இறுகும். அதனால நல்ல மண்ணுன்னா உரம் நிறைய இருக்கிற மண்ணுனு நினைக்காதீங்க, நிறைய இடத்துல வேர் ஓடி ஈரத்தை தேடி எடுக்க முடியுற மண்ணுதான் நல்ல மண்ணு. (மகரந்தம் சரியா சேரலைன்னாலும் காய் நுனி சூம்பி வளையும், அதுக்கு மண்ணை குறை சொல்ல முடியாது. அதே மாதிரி குண்டு ரகத்தை போட்டு மண்ணால நீட்டவும் முடியாது, நீளம் முதல்ல விதையில இருக்கணும்.)

முதல்ல ரெண்டு டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டுக்கும் செலவு இல்ல. ஒரு கண்ணாடி ஜாடியில மூணுல ஒரு பங்கு மண்ணு போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வைங்க. ஒரு நிமிஷத்துல அடியில தங்குறது மணல், ரெண்டு மணி நேரத்துல அதுக்கு மேல படியுறது வண்டல், ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சும் மெதுவா படியுறது களி. எது எவ்வளவுன்னு அடுக்கு அடுக்கா கண்ணுக்கே தெரியும். ரெண்டாவது, தோட்டத்துல ஒரு அடி ஆழத்துக்கு குழி எடுத்து தண்ணி நிரப்பி முழுசா வடிய விடுங்க, அப்புறம் திரும்ப நிரப்பி ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுனு ஸ்கேல் வெச்சு பாருங்க. ஒரு அங்குலத்துல இருந்து மூணு அங்குலம் இறங்கினா சந்தோஷம். ஒரு அங்குலம் கூட இறங்கலைன்னா தரைமட்டத்துல நடாதீங்க, பாத்தியை முக்கால் அடியாவது மேடாக்கிட்டு நடுங்க.

இப்போ வேலைக்கு வருவோம். பந்தல் கால் எல்லாத்தையும் முதல்லயே ஊன்றிடுங்க, பாத்தி போட்டு கொடி வந்தப்புறம் குழி தோண்டினா வேர் அறுந்துடும், நீங்க மிதிக்கிற மிதியில பொலபொலப்பு பண்ண மண்ணு திரும்ப இறுகிடும், இதை நிறைய பேரு கடைசியில செய்யுறாங்க. ஒரு கொடிக்கு குறைஞ்சது ஆறு அடிக்கு ஆறு அடி இடம் ஒதுக்குங்க, எட்டு அடி கிடைச்சா விட்டுடாதீங்க. மண்ணு ரொம்ப ஈரமாவும் இல்லாம கட்டி தட்டியும் போகாம இருக்கிற நாள் பாத்து அந்த இடம் முழுக்க ஒரு அடிக்கு கடப்பாரை குத்தி நெம்பி விடுங்க. நெம்பினா போதும், அடி மண்ணை மேல கொண்டு வராதீங்க, அதுல உயிர் கம்மி. அதுக்கு மேல ரெண்டு மூணு அங்குல கனத்துக்கு நல்லா மக்கின உரத்தை பரப்பி மேல் அரை அடி முக்கால் அடி மண்ணோட கலந்து விடுங்க. விதை ஊன்ற போற நடு இடத்துல மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆழமா கொத்தி, மண்ணும் உரமும் சரிபாதியா கலந்து போடுங்க. அங்கயும் வெறும் உரம் வேண்டாம், வெறும் உரம் காஞ்சா சட்டுனு காயும், மக்க மக்க உள்ள அமுங்கி நடு இடம் பள்ளமாயிடும், அந்த பள்ளத்துல தண்ணி நின்னா தண்டோட கழுத்து அழுகும்.

களிமண்ணுக்கு மணல் கலக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. கொஞ்சமா கலந்தா களி அந்த மணலை பிடிச்சு இன்னும் கெட்டியாத்தான் ஆகும், பலன் தெரியணும்னா மண்ணுல பாதிக்கு மணல் வேணும், அது நடக்கிற காரியம் இல்ல. மக்கின இலை, மக்கின தொழு உரம், வருஷா வருஷம் போடுங்க, களியை உடைக்கிறது அதுதான். நேரம் இருந்தா சணப்பையோ தக்கைப்பூண்டோ (ரெண்டும் பசுந்தாள் உரச் செடி) விதைச்சு பூ எடுக்கிற சமயத்துல மடக்கி உழுதுடுங்க, அதோட வேர் களிக்குள்ள வழி போட்டு வெச்சிருக்கும், சுரை வேர் அந்த வழியிலயே இறங்கும். மடக்கினதுக்கு அப்புறம் ரெண்டு மூணு வாரம் விட்டு விதைங்க.

கேள்வி: அண்ணா, கொடி பந்தல் முழுக்க காடா மண்டி கிடக்கு, இலை எல்லாம் கரும்பச்சையா பெருசு பெருசா இருக்கு, ஆனா பூவெல்லாம் ஆண் பூதான். விதைக்கிறதுக்கு முன்னாடி கோழி எருவும் போட்டேன், நடுவுல ரெண்டு தடவை யூரியாவும் போட்டேன். மண்ணுல என்ன குறை?

பதில்: மண்ணுல குறை இல்ல தம்பி, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கூடிப்போச்சு. சுரையில ஆண் பூ முதல்ல வர்றது இயல்புதான், அதுக்கு பயப்பட வேண்டாம், ஆனா தழைச்சத்து அதிகமானா பெண் பூ வர்றது இன்னும் தள்ளிப்போகும், செடி இலை விடுறதுலயே குறியா இருக்கும். கோழி எருவுல தழைச்சத்து சாணியை விட ரொம்ப அதிகம், அதோட மக்காம போட்டா அம்மோனியா கிளம்பி இளம் வேரை கருக்கிடும். எந்த எருவா இருந்தாலும் நாலு மாசமாவது மக்கினதா இருக்கட்டும். கையில எடுத்தா சூடு இருக்கக்கூடாது, மூக்குல காரமா ஏறக்கூடாது, மழை பெஞ்ச மண்ணு வாசனை வரணும், எது சாணி எது வைக்கோல்னு பிரிச்சு சொல்ல முடியாத அளவுக்கு உதிரியா இருக்கணும்.

இப்போதைக்கு யூரியாவை நிறுத்துங்க. மெயின் கொடியோட நுனியை கிள்ளி விடுங்க, சுரையில பெண் பூ பெரும்பாலும் பக்கக் கிளையிலதான் வரும். அடுத்த தடவை அடியுரத்துல தழைச்சத்தை விட மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கூடுதலா இருக்கிற மாதிரி பாத்துக்குங்க, தழைச்சத்தை கொடி ஏற ஆரம்பிச்சப்புறம் கொஞ்சமா மேலுரமா குடுத்தா போதும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு வாசகி எழுதியிருக்காங்க, மண்ணு லூசாகட்டும்னு மரத்தூள் நிறைய கலந்தாங்களாம், கொடி வெளிறி போய் நிக்குதாம். மரத்தூள், காஞ்ச சருகு எல்லாம் மக்குறதுக்கு அதுல இருக்கிற நுண்ணுயிருக்கு தழைச்சத்து வேணும், அதை மண்ணுல இருந்துதான் எடுத்துக்கும், செடிக்கு மிச்சம் இருக்காது. அடி இலை முதல்ல மஞ்சளானா இதுதான் விஷயம். அம்மா, மரத்தூளை மண்ணுக்கு மேல மூடாக்கா போடுங்க, உள்ள கலக்காதீங்க. இப்போ இருக்கிற கொடிக்கு புண்ணாக்கு ஊற வெச்ச தண்ணியை நல்லா கலக்கி நீர்த்து வாரம் ஒரு தடவை ஊத்துங்க, புது இலை பச்சை பிடிக்கும்.

கேள்வி: எங்களுது சுத்த மணல். காலையில ஊத்துற தண்ணி மதியத்துக்கே காணாம போகுது. சுரை வருமா?

பதில்: வரும்ங்க, மணல்ல வடிகால் தானா கிடைக்கும், வேர் ஓட தடையே இல்ல, நீளமான காய்க்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தண்ணியும் சத்தும் நிக்காததுதான் பிரச்சனை. களிமண்ணுக்கு சொன்னதை விட மக்கின உரம் கூடுதலா, மூணு நாலு அங்குலம் பரப்பி கலந்து விடுங்க, முடிஞ்சா ஏரி வண்டலோ குளத்து வண்டலோ கொஞ்சம் சேருங்க. உரத்தை ஒரேயடியா போடாம கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு போடுங்க, ஒரே தடவை போட்டா தண்ணியோட சேர்ந்து வேருக்கு எட்டாத ஆழத்துக்கு போயிடும். மூடாக்கு கண்டிப்பா வேணும், வைக்கோலோ காஞ்ச இலையோ ரெண்டு மூணு அங்குலம், தண்டை ஒட்டாம ஒரு சாண் தள்ளி. மூடாக்கை விலக்கி விரலை நாலு அங்குலம் உள்ள விட்டு பாருங்க, அங்க ஈரம் இருந்தா அன்னைக்கு தண்ணி வேண்டாம். மேல் மண்ணு காஞ்சிருக்குனு பாத்து பாத்து ஊத்தினா வேரும் மேலயே நின்னுடும்.

கேள்வி: சாம்பல் போட்டா காய் நீளும்னு சொல்றாங்க, சிலர் சுண்ணாம்பு போட சொல்றாங்க. எது சரி?

பதில்: உங்க மண்ணோட பிஎச், அதாவது மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற அளவு, தெரியாம ரெண்டையும் போடாதீங்க, இதை நான் கெஞ்சிதான் கேக்குறேன், ஏன்னா போடுறது ஈஸி, திரும்ப எடுக்கிறது ரொம்ப கஷ்டம். சுரைக்கு 6-ல இருந்து 7 வரைக்கும் பிஎச் இருந்தா நல்லது. சாம்பல்ல சாம்பல் சத்தும் கால்சியமும் இருக்கு, உண்மைதான், ஆனா அது பிஎச்சை மேல தள்ளும். புளிப்பு மண்ணுன்னா, அதாவது 6-க்கு கீழ இருந்தா, சாம்பலும் நல்லது சுண்ணாம்பும் நல்லது, சுண்ணாம்பை மட்டும் விதைக்கிறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க, அது மண்ணோட கலந்து வேலை செய்ய அவ்வளவு நாள் பிடிக்கும். ஏற்கனவே 7.5-க்கு மேல இருக்கிற மண்ணுல சாம்பல் போட்டா மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் அது செடிக்கு கிடைக்காது. புது இலை மஞ்சளா இருக்கும், நரம்பு மட்டும் பச்சையா கோடு போட்ட மாதிரி நிக்கும், அதை பாத்தா சாம்பல் டப்பாவை தூக்கி வெச்சிடுங்க. இன்னொன்னு, சாம்பலை யூரியாவோடயோ எருவோடயோ சேத்து கலக்காதீங்க, தழைச்சத்து அம்மோனியாவா மாறி காத்துல போயிடும்.

உலர்ந்த மண்ணுல கொஞ்சம் வினிகர் விட்டா நுரைச்சுக்கிட்டு பொங்குதுனா அது சுண்ணாம்பு மண்ணு. அந்த மண்ணுல கந்தகம் போட்டு பிஎச் இறக்க நினைக்கிறது வீண், எவ்வளவு போட்டாலும் அந்த சுண்ணாம்பு அதை சாப்பிட்டுட்டே இருக்கும். மக்கின உரத்தை நிறைய போட்டு சமாளிக்கிறதுதான் வழி. பேப்பர் வெச்சு டெஸ்ட் பண்றதை விட லேப்ல குடுக்கிறது நல்லது. நாலஞ்சு இடத்துல மேல் குப்பையை ஒதுக்கிட்டு ஆங்கில எழுத்து வி மாதிரி அரை அடிக்கு வெட்டி, அந்த வெட்டின பக்கத்துல இருந்து மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு பத்தை மண்ணு சீவி எடுங்க, எல்லாத்தையும் கலந்து நிழல்ல உலர்த்தி அரை கிலோ குடுத்தா போதும். உரம் போட்ட உடனே எடுக்காதீங்க, வரப்போரமும் எடுக்காதீங்க.

கேள்வி: சார், மாடியில க்ரோ பேக்ல நீட்டு சுரை வருமா? எனக்கு 20 லிட்டர் பேக் நிறைய இருக்கு.

பதில்: 20 லிட்டர்ல காய் வரும், ஆனா நீளத்தை எதிர்பாக்காதீங்கம்மா. வெயில் காலத்துல அவ்வளவு பெரிய இலைப்பரப்புக்கு வேண்டிய தண்ணியை அந்த சின்ன பையில பிடிச்சு வைக்க முடியாது, காலையில ஊத்தி சாயங்காலம் இலை தொங்கும், அந்த ஒவ்வொரு தொங்கலும் காயில தெரியும். ஒரு கொடிக்கு 80 லிட்டர் பை வைங்க, ஆழத்தை விட அகலம் கூடுதலா இருக்கிற பையா பாருங்க. ஈரத்தோட அது 80 கிலோவுக்கு மேல கனக்கும், அதனால மாடி நடுவுல வைக்காம சுவரு இல்ல பீம் மேல வர்ற ஓரமா வைங்க. மண்ணு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மக்கின உரம் மூணும் சம பங்கு. கோகோபீட்ல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தண்ணியில அலசி பிழிஞ்சுட்டு கலக்குங்க, இதை விட்டுட்டு நாத்து ஓரம் கருகுதுனு வர்ற கடிதம் ரொம்ப அதிகம். பையில சத்து சீக்கிரம் கரைஞ்சு போகும்ங்கறதால பத்து நாளைக்கு ஒரு தடவை மண்புழு உரம் ரெண்டு கை மேல போட்டு லேசா மூடி விடுங்க.

கேள்வி: மூணு வருஷமா ஒரே பந்தல், ஒரே இடம். முதல் வருஷம் காய் அருமை. இப்போ மத்தியானம் கொடி வாடுது, சாயங்காலம் எழுந்திருக்குது, அப்புறம் ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டேங்குது. பிடுங்கி பாத்தா வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கு.

பதில்: அது வேர் முடிச்சு நூற்புழுங்க, மண்ணுக்குள்ள இருந்து வேரை தாக்குற கண்ணுக்கு தெரியாத சின்ன புழு. அந்த முடிச்சை நகத்தால தள்ளி பாருங்க, பயறு செடியோட வேர் முடிச்சுன்னா சட்டுனு தனியா உதிர்ந்துடும், நூற்புழு முடிச்சு வேரே வீங்கினதுங்கறதால உதிராது. வேர்ல முடிச்சே இல்லாம கொடி வாடினா அடித்தண்டை நீளவாக்குல பிளந்து பாருங்க, உள்ள பழுப்பு கோடு ஓடினா அது வாடல் நோய் பூஞ்சை, அது வேற, ஆனா ரெண்டுக்கும் காரணம் ஒரே இடத்துல திரும்ப திரும்ப போடுறதுதான்.

அந்த இடத்துல அடுத்த மூணு வருஷம் சுரை, பூசணி, வெள்ளரி, பாகல் எந்த கொடியும் வேண்டாம். தக்காளி, கத்திரி, வெண்டையும் வேண்டாம், நூற்புழுவுக்கு அதெல்லாம் பிடிச்ச செடி. செண்டுமல்லியோ சணப்பையோ போடுங்க, ரெண்டுமே நூற்புழுவை குறைக்கும். நல்ல வெயில் அடிக்கிற மாசத்துல பாத்தியை நனைச்சு, கண்ணாடி மாதிரி தெரியுற மெல்லிசு பாலிதீன் ஷீட்டால இழுத்து மூடி, ஓரத்துல மண்ணு போட்டு அடைச்சு நாலுல இருந்து ஆறு வாரம் விடுங்க. கறுப்பு ஷீட் வேண்டாம், அது சூட்டை மேலயே வாங்கிக்கும், மண்ணுக்குள்ள அந்த அளவுக்கு இறங்காது. இந்த சூடு மேல் மண்ணுல இருக்கிறதைத்தான் கொல்லும், ஆழத்துல இருக்கிறது தப்பிச்சுக்கும், அதனால ஷீட் எடுத்தப்புறம் ஆழமா கொத்தி கீழ் மண்ணை மேல கொண்டு வந்துடாதீங்க. அப்புறம் மக்கின உரத்தோட வேப்பம்புண்ணாக்கு கலந்து ரெண்டு வாரம் ஈரத்துல விட்டுட்டு விதைங்க. பிடுங்கின வேரை கம்போஸ்ட் குழியில போடாதீங்க, காய வெச்சு எரிச்சிடுங்க.

பந்தலை மாத்த வேற இடமே இல்லைன்னு நிறைய பேரு சொல்றீங்க, அவங்க பந்தல் காலுக்கு பக்கத்துல புது மண்ணு நிரப்பின பெரிய பையை வெச்சு கொடியை அதே பந்தல்ல ஏத்தி விடலாம். பையை தரையில நேரா வைக்காம செங்கல் மேல வைங்க, இல்லைன்னா வேர் அடி ஓட்டை வழியா பழைய மண்ணுக்கே போயிடும்.

கேள்வி: பிஞ்சு நுனி அழுகுது. கால்சியம் குறைன்னு முட்டை ஓடும் எப்சம் உப்பும் போட்டேன், கேக்கல.

பதில்: எப்சம் உப்பை நிறுத்துங்க. அது மெக்னீசியம், கால்சியத்தோட போட்டி போடும், நிலைமை இன்னும் மோசமாகும். முட்டை ஓடு மக்கி கரைய மாசக்கணக்கு ஆகும், இந்த பருவத்துக்கு உதவாது. பெரும்பாலான மண்ணுல கால்சியம் இருக்கத்தான் செய்யும், அது தண்ணியோட சேர்ந்துதான் காய்க்கு போகும், தண்ணி சீரா இல்லைன்னா நுனி வரைக்கும் எட்டாது. மூடாக்கும் சீரான தண்ணியும் குடுத்தும் நிக்கலைன்னா மகரந்தம் சேராம பிஞ்சு வெம்புதானு பாருங்க, சுரைப்பூ சாயங்காலம் விரியும், அந்த நேரம் ஆண் பூவை பறிச்சு பெண் பூவுல தொட்டு விடுங்க.

கேள்வி: எல்லாம் கலந்து வெச்சாச்சு. விதை போடலாம்னு எப்படி முடிவு பண்றது?

பதில்: ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கி பிடிங்க, உருண்டை பிடிபடணும், கட்டை விரலால குத்தினா உதிர்ந்துடணும். உதிராம குழைஞ்சா இன்னும் ரெண்டு நாள் காயட்டும், உருண்டையே பிடிபடலைன்னா தண்ணி தெளிச்சு ஒரு நாள் விடுங்க. உரம் மக்கிடுச்சான்னு சந்தேகம் இருந்தா அந்த மண்ணை ஒரு டப்பாவுல எடுத்து கொஞ்சம் வெந்தயம் தூவி வைங்க, ஒரு வாரத்துல வெந்தயம் பச்சையா நிமிந்து வந்தா பயம் இல்ல, முளைச்சு கருகினா உரத்துல இன்னும் சூடு இருக்கு, ரெண்டு மூணு வாரம் பொறுங்க. மண்ணு குளிர்ந்து கிடந்தாலும் அவசரப்படாதீங்க, 25-ல இருந்து 30 டிகிரி சூடு இருந்தா விதை சீக்கிரம் முளைக்கும், 15-க்கு கீழ போனா முளைக்காம அழுகும். விதையை ராத்திரி ஊற வெச்சு, ஒரு அங்குல ஆழத்துல ரெண்டா ஊன்றுங்க. ரெண்டும் முளைச்சா மூணாவது இலை வந்ததும் மெலிஞ்சதை எடுத்துடுங்க, ஆனா பிடுங்காதீங்க, கத்திரியால தரையோட வெட்டி விடுங்க, பிடுங்கினா பக்கத்துல இருக்கிறதோட வேரும் சேர்ந்து அறுந்துடும்.